கைராசியும் கணினியும்

நம்மவரிடையே 'கைராசி' என்றொரு சொல் நெடுநாளாக வழங்கி வருகிறது. முதல் போணி செய்பவருக்குக் கைராசி வேண்டும்; மருந்து கொடுக்கும் டாக்டருக்குக் கைராசி வேண்டும்; விதை ஊன்றுகிறவளுக்கும் மாவு கரைக்கிறவளுக்கும்கூட அது வேண்டுமாம். ஒரு காரியம் நன்றாக முடிந்தால், செய்தவருடைய படிப்பையோ பழக்கத்தையோ எவரும் பாராட்டுவதில்லை, ராசியைப் பாராட்டுகின்றனர். கெட்டுப் போனாலோ, எங்கே பிழை நேர்ந்தது என்று தேடும் சிரமத்தை மேற்கொள்வதில்லை. 'ராசியில்லாத கை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகின்றனர். இத்தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது.

இச்சொல் 2024ஆம் ஆண்டின் இறுதியில், கிள்ளானிலுள்ள நம் தங்கையின் இல்லத்துள் ஒரு கணினியைக் காரணமாகக் கொண்டு நுழைந்தது. நுழைந்த சொல் ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுத்துவிடப் பார்த்தமையால் அவ்வரலாற்றைச் சிறிது விரிவாகவே எழுதத் துணிந்தோம். கணினியின் மூடியைத் திறந்து பார்த்தறியாத வாசகர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கும் விளங்கும்படியே சொல்லுவோம்.

தங்கையின் மகளுக்கு அப்பொழுது வயது 24. கணக்கியல் டிப்ளோமா பெற்றும், ஒரு பேரங்காடியில் பணம் வாங்கும் மேசையில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள். அவ்வேலையை விட்டுவிட்டு, ஒரு மளிகைக் கடை, ஒரு தையற்கடை, ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு கார்ப் பட்டறை ஆகிய நான்கு இடங்களின் கணக்கை வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். அதற்கு நல்லதொரு கணினி வேண்டியிருந்தது. கடையில் பூட்டி விற்பதை வாங்கினால் சில நூறு வெள்ளி அதிகமாகிறது என்று கண்டு, சீட்டுப் பணம் 2,600 வெள்ளியை எடுத்துக்கொண்டு தலைநகருக்குச் சென்று உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வந்தாள். 2024 ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையின்மீது அவற்றைப் பரப்பி, கைந்நூலைப் பக்கம் பக்கமாகப் படித்து, நள்ளிரவுக்குள் பூட்டி முடித்தாள். பொத்தானை அழுத்திய முதல் முறையே அது உயிர் பெற்றது. தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த அவள் தகப்பனார், பழைய லயத்துச் சிநேகிதர்களுக்கெல்லாம் மறுநாள் போன் செய்து இச்செய்தியைச் சொன்னார். கணினியில் தூசியும் பல்லியும் போகாதிருக்க வேண்டுமென்று, தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த கண்ணாடி அலமாரியைக் காலி செய்து அதனுள் அதைக் குடிவைத்தவரும் அவரே.

மூன்று மாதங்கள் குறையின்றி ஓடிற்று. அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அவள் கணக்கெழுதிக்கொண்டிருக்கும்பொழுதே திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. எழுத்து நகரவில்லை, அம்புக்குறி அசையவில்லை. பாடிக்கொண்டிருந்த பாட்டின் ஓர் எழுத்து மட்டும் தறி ஓடுவதுபோல் ஓயாமல் ஒலித்தது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டதும் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் ஓடிற்று. பின்னர் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் நின்றது. அடுத்த முறை ஒரு மணி நேரத்தில் நின்றது. கடுமையான வேலையின்போது நில்லாது. கடிதம் ஒன்று எழுதும்பொழுது நிற்கும். பெட்டியைத் தொட்டவர் கை சுட்டது. உள்ளிருந்த விசிறியோ எப்பொழுதும் மழைக்கால ஓடைபோல் இரைந்துகொண்டிருந்தது. ஆகவே 'சூட்டினால் நிற்கிறது' என்று வீட்டார் ஒருமனதாக முடிவு கட்டினர்.

அது ஆயுத பூசை வந்த மாதமல்லவா? பெண்ணின் அப்பாயி, பெட்டிக்கு மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சாம்பிராணிப் புகையை அதன் மூக்கருகே பிடித்தார். மூக்கு என்றது விசிறியின் வாயை. புகையின் பிசுக்கு விசிறி இறக்கையில் ஒட்டி, பிறகு வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அந்த அம்மையாருக்கு யார் சொல்லுவது! அண்டை வீட்டார் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொன்னார்கள். இவ்வளவும் பயன்படாமற் போகவே கடைத்தெருவிலிருந்து ஒரு பழுது பார்ப்பவர் அழைக்கப்பட்டார். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸை ஏற்றி, 80 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். எந்த நோய்க்கும் 'பார்மட்' என்னும் இந்த ஒரே சிகிச்சைதான். இதற்கும் மிளகாய் கட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் நெடுநேரம் யோசித்துப் பார்த்தோம்; மிளகாய் மலிவு என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் திரை மறுபடியும் உறைந்தது.

அதன் பிறகுதான் அச்சொல் பிறந்தது. "மச்சான், கடையில் பூட்டி சீல் வைத்ததை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை உண்டா? பொம்பளைப் பிள்ளை கை வைத்தது எப்படி நிற்கும்? சிலருக்குக் கை ராசி அப்படி" என்று மைத்துனர் நம்மிடம் போனில் கூறினார். பெண்ணை அவர் வெறுப்பவர் அல்லர். அவளைப் படிக்க வைப்பதற்காகக் கூடுதல் நேர வேலையை ஒரு நாளும் விடாதவர். அப்படிப்பட்டவர் வாயிலும் அச்சொல் வந்ததே என்பதுதான் நம் வருத்தம். மளிகைக் கடைக்காரர், மாதக் கணக்கு இருமுறை தாமதமானதால் பில் கட்டுகளைத் திருப்பிக் கேட்டிருந்தார். பேரங்காடியின் பழைய வேலை காலியாக இருப்பதாகவும், ஜனவரி முதல் தேதி அதில் சேர்ந்துவிடுவது நல்லதென்றும் வீட்டில் பேச்சு நடந்தது. பெண் ஒன்றும் பேசவில்லை.

நாம் செம்பனை ஆலையொன்றில் பல ஆண்டு இயந்திரங்களுடன் பழகியவர். அங்கே ஒரு டீசல் எஞ்சின் மழைநாட்களில் மட்டும் திக்கித் திக்கி நிற்கும். ஆலைக்குப் பின்னாலிருந்த மரத்தில் முனி நிற்கிறது என்று சொல்லிக் கோழி அறுத்தவர்களும் உண்டு. எண்ணெய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தபொழுது முனி வரவில்லை, தண்ணீர் வந்தது. தொட்டி மூடியின் வளையம் தேய்ந்திருந்தது, அவ்வளவே. கணினியைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்ததில் பாதியும் இராது. ஆயினும் நின்றுபோகும் இயந்திரத்தை எப்படி விசாரிப்பது என்பது எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாதலால், நவம்பர் மாதத்து ஒரு ஞாயிறன்று ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கிள்ளானுக்குப் பஸ் ஏறினோம்.

முதலில் அவளைக் கேட்டது, "நிற்கிறது என்கிறாயே, எப்படி நிற்கிறது?" என்பதே. இது வீண் கேள்வி அன்று. கணினி நிற்பதில் பல வகை உண்டு. விளக்கணைந்ததுபோல் திடீரென இருண்டுவிடுவது ஒன்று. தானே மறுபடியும் தொடங்குவது ஒன்று. திரை எரிந்துகொண்டே அசைவற்றுப் போவது ஒன்று. இவளுடையது மூன்றாவது. விண்டோஸ் தன் நிகழ்ச்சிகளை எழுதி வைக்கும் பதிவேட்டை அவள் திறந்து காட்டினாள். ஒவ்வொரு முறைக்கும் 41 என்னும் எண்ணிட்ட குறிப்பு ஒன்று இருந்தது. ஆனால் அக்குறிப்பு, முன்முறை கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இன்னார் இறந்தார் என்று மட்டும் எழுதி நோயை எழுதாத மரணப் பதிவு போன்றது அது.

இனிச் சூட்டின் விஷயம். கணினியின் செயலிக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் கருவி இருக்கிறது. இக்காலத்துச் செயலிகள் பலவற்றுக்கு 95 அல்லது 100 டிகிரி என்று ஓர் எல்லை வைத்திருக்கின்றனர். அவ்வெல்லையை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாமல் அபாய நிலைக்குப் போனால் மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிடும். அதாவது சூடேறிய செயலி பெரும்பாலும் மந்தமாகும், அல்லது இருண்டு போகும். வெளிச்சத்தோடு சிலையாக நிற்பது அதன் வழக்கமன்று. இதனை அவளே நமக்கு எடுத்துச் சொன்னாள்; சொல்லும்பொழுதே அவள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியதைக் கண்டோம். சூடும் உறைதலும் ஒரே வீட்டில் இருப்பதனால் அவை தாயும் பிள்ளையுமாகத்தான் இருக்க வேண்டுமா?

சோதித்தோம். அலமாரிக்குள் இருந்தபடியே கடும் வேலை கொடுத்தபொழுது செயலியின் வெப்பம் 96 டிகிரி. வெளியே எடுத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, மேசை விசிறியை நேரே வைத்தபொழுது அதே வேலைக்கு 81. பதினைந்து டிகிரி குறைந்தும் அன்று மாலைக்குள் இரண்டு முறை உறைந்தது. இரவு முழுவதும் அணைத்து வைத்து, விடியற்காலை ஆறு மணிக்கு, கணினி ஊரோடு குளிர்ந்திருந்த வேளையில் போட்டுப் பார்த்தோம். பத்தாவது நிமிஷத்தில், வெப்பம் வெறும் 58 ஆக இருக்கையில், உறைந்து நின்றது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். இயந்திரம் கெட்டதற்கு ஒருவர் மகிழ்ந்து நாம் பார்த்தது அதுவே முதல் முறை.

ஆகக் குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான். மின்வழங்கியோ, வட்டோ, நினைவகமோ? இங்கே அவள் ஒரு நிபந்தனை விதித்தாள்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதுவது. வட்டு தன்னைத் தானே பரிசோதித்து வைத்திருந்த கணக்கில் குறையில்லை. சுவரிலுள்ள வேறொரு மின்செருகில் நேராகப் போட்டும் பயனில்லை. பிறகு நினைவகத்தை எடுத்துக்கொண்டாள். கடைக்காரர்கள் 'ரேம்' என்று சொல்லும் சீப்பு வடிவான இந்தத் தகடுகள் அவளிடம் இரண்டு. ஒவ்வொன்றும் 8 ஜிபி. இவற்றைச் சோதிப்பதற்கு மெம்டெஸ்ட்86 என்றொரு நிரல் இருக்கிறது; 1994இல் கிரிஸ் பிராடி என்பவர் ஆக்கியது. அது விண்டோஸின் உதவியின்றிச் சிறு விரலியிலிருந்து தானே ஓடும். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒரு குறியை எழுதி, எழுதியபடியே திரும்ப வருகிறதா என்று படித்துப் பார்ப்பதே அதன் தொழில். விண்டோஸே இல்லாத நிலையில் பிழை வருமானால், 80 வெள்ளி வாங்கிய பெரியவர் அழித்து எழுதியது எதற்கென்று வாசகர்களே கேட்டுக்கொள்ளலாம்.

இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒன்பதரை மணிக்குத் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. அதன் பிறகு மேலும் பல விழுந்தன; எல்லாம் ஏறக்குறைய ஒரே முகவரியில். அவள் ஒரு தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்டினாள். விடியுமளவும் ஒரு பிழையும் இல்லை. அடுத்த நாள் கழற்றியதை மட்டும் பூட்டினாள், அரைமணியில் சிவப்பு. அப்பொழுதும் அவள் முடிவு கட்டவில்லை. குறை தகட்டிலோ, தகடு உட்காரும் பள்ளத்திலோ? பிழைத் தகட்டைப் பக்கத்துப் பள்ளத்துக்கு மாற்றினாள்; பிழை அதனுடனேயே போயிற்று. நல்ல தகட்டைப் பழைய பள்ளத்தில் இட்டாள், அங்கே பிழையில்லை. விளம்பரத்தில் சொன்ன 3200 என்னும் வேகத்தைக் குறைத்து 2400இல் ஓட்டினாள். பிழைகள் குறைந்தனவேயன்றி நீங்கவில்லை. நோட்டில் இத்தனையும் தேதியோடும் மணியோடும் எழுதப்பட்டன. நமது நீதிமன்றங்களில் சில வழக்குகள் இவ்வளவு பொறுமையாக விசாரிக்கப்பட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

இந்த நோய் நேரங்காலமின்றி வந்ததன் காரணமும் இப்பொழுது விளங்கிற்று. 8 ஜிபி தகட்டில் 6,871 கோடிக்கு மேற்பட்ட நுண்ணறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மின்னேற்றம். அது ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிவினாடிக்கு ஒரு முறை எல்லா அறைகளையும் மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கிறது. வெப்பம் ஏறினால் கசிவும் அதிகப்படும் என்பது உண்மையே. ஆகவே சூடு முற்றிலும் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது; ஆனால் கொலையாளி அதுவன்று. கோடிகளில் ஓர் அறை பழுதானால், அதில் அப்பொழுது எது வந்து தங்குகிறதோ அதுவே கெடும். ஒரு படத்தின் புள்ளி தங்கியிருந்தால் அதன் நிறம் சிறிது மாறும், எவரும் அறியார். இயந்திரத்தை நடத்தும் கட்டளை ஒன்று தங்கியிருந்தால் எல்லாம் நின்றுவிடும். கடிதம் எழுதும்பொழுது நின்றதும், கடும் வேலையில் நில்லாததும் இதனாலேதான்.

தகட்டை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குச் சென்றோம். கடையின் பெயர் இங்கு வேண்டாம். "நீங்களே பூட்டினீர்களா?" என்று கேட்ட இளைஞர், பெண்ணை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பூட்டும்போது கை பட்டிருக்கும்" என்றார். பாருங்கள், தலைநகரிலும் அதே தீர்ப்பு! ராசி என்ற சொல் ஒன்றுதான் குறைவு. அவள் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து வைத்து, சிவப்புக் கோடுகளின் படங்களைக் காட்டி, "உங்கள் கணினியிலேயே போட்டுப் பாருங்கள் அண்ணா" என்றாள். இருபது நிமிஷத்தில் அங்கேயும் சிவப்பு விழுந்தது. நினைவகத் தகடுகளுக்கு உற்பத்தியாளர் பலர் ஆயுட்கால உத்தரவாதம் கொடுப்பது வழக்கமாதலால், பதில் தகடு இரண்டு வாரத்தில் வருமென்று சீட்டெழுதிக் கொடுத்தார்.

தாமே பூட்டியவர் எப்பொழுதும் குற்றவாளியாகவே நிறுத்தப்படுகிறார். அதே 2024ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், தன் 13ஆம் 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றுள் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சென்று அவை நிலைகுலைந்தமைக்குத் தன் நுண்கட்டளையும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை மேலும் 2 ஆண்டு நீட்டிற்று. அதற்கு முன் எத்தனை வீடுகளில் எத்தனை கைகள் பழி சுமந்தனவோ!

சூடு எஞ்சி நின்றது. உறைதலின் காரணம் தெரிந்துவிட்டதே, சூடு கிடக்கட்டும் என்று விட அவளுக்கு மனமில்லை. செயலியின்மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டியை விளக்குப் பிடித்துப் பார்த்தாள். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு முளைகள். மூன்று பலகைக்கு அப்பால் கடித்துக்கொண்டிருக்க, நான்காவது பாதியில் நின்றிருந்தது. கட்டி ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் மயிரிழை தூக்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே தடவியிருந்த வெப்பக் களிம்பு ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் ஒட்டாமலும் இருந்தது. உலோகத்துக்கு நடுவே காற்று புகுந்தால் வெப்பம் கடவாது. அவ்விடைவெளியை நிரப்புவதற்கே களிம்பு. முதல் நாளிலிருந்து கேட்ட விசிறி இரைச்சல் இதனால் வந்ததுதான். கணினி என்றால் இரையும் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தனர்.

"அப்படியானால் கையின் குற்றம்தானே?" என்றார் மைத்துனர், விடாமல்.

"ஆமாம் அப்பா, இந்த முளை என் கையின் குற்றம்தான். அதனால்தான் என் கையாலேயே சரி செய்ய முடிகிறது" என்றாள் பெண். பழைய களிம்பை ஆல்ககாலில் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்து, எதிர் எதிர் மூலையாக முளைகளை அழுத்தினாள். நான்கும் 'டக்' என்று கடித்த ஓசையை மைத்துனரும் கேட்டார். மூடியைப் பூட்டிக் கடும் வேலை கொடுத்தோம்: 74 டிகிரி. அன்று அறையின் வெப்பம் 31. குளிர்நாட்டுக் கைந்நூல்களில் 20 டிகிரி அறையை வைத்துச் சொல்லும் கணக்கை நம் நாட்டு வீட்டுக்குள் தேடுவது வீண். வெறும் காற்றை ஊதும் எந்த விசிறியாலும் அறையைவிடக் கணினியைக் குளிர்விக்க முடியாது. ஆகவே அலமாரி வாசமும் முடிந்தது. மைத்துனர் சிறிது மனத்தாங்கலுடன்தான் அதை ஒப்பினார். நல்லெண்ணத்தோடு கொடுத்த வீடல்லவா? மேசைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தனர். பல்லியைப் பற்றிய கவலை அவருக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் கவலைக்குரிய விஷயத்தை அப்பொழுதுதான் அவள் எடுத்தாள். உறைந்து நிற்பது ஒரு வகையில் உபகாரம், கண்ணுக்குத் தெரிகிறது. நில்லாமல், ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு இயந்திரம் போய்க்கொண்டே இருந்திருந்தால்? பிறர் பணத்தின் கணக்கல்லவா அது! பிழைத் தகட்டின் வழியாகச் சென்ற அக்டோபர், நவம்பர் மாதக் கணக்குகள் எதையும் அவள் நம்ப மறுத்தாள். மிஞ்சிய ஒற்றைத் தகட்டுடன் கணினியை மெதுவாக ஓட்டி, நான்கு கடைகளின் பில்களையும் ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டாள். மூன்று வாரம் பிடித்தது. கார்ப் பட்டறையின் கோப்பு ஒன்று திறக்கவே மறுத்தது. அதைத் தனி வட்டில் வைத்திருந்த நகலிலிருந்து எடுத்தாள். இலக்கம் ஏதும் மாறியிருக்கவில்லை. மளிகைக் கடைக்காரரிடம் தானே சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்லி, நோட்டையும் காட்டினாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் கணக்கையும் இப்படித்தான் எழுதுகிறாயா அம்மா?" என்று கேட்டாராம். திருப்பி வாங்கிய பில் கட்டுகளை மறுபடியும் கொடுத்துவிட்டார்.

புதிய தகடு டிசம்பர் மாதம் மூன்றாம் வாரத்தில் வந்தது. பூட்டியவுடன் அவள் வேலையைத் தொடங்கவில்லை; மெம்டெஸ்டை இரவு ஏழு மணிக்கு ஓடவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தாள். பதினான்கு மணி நேரம், பிழை பூஜ்யம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி அடிக்கோடிட்டாள். பேரங்காடி வேலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மைத்துனர் ஒரு துணியால் பெட்டியிலிருந்த குங்குமப் பொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விசிறி ஓடுகிறதா என்று ஐயுறும்படி அவ்வளவு மெதுவாக ஓடிற்று. அவள் மளிகைக் கடையின் டிசம்பர் மாதப் பில்களை அடுக்கி முன்னால் வைத்துக்கொண்டாள்.